மெர்செட் பக்கம் கொக்கு பார்க்கப் போன கதை

பொங்கல் முடிந்த முதல் சனிக்கிழமை, காலை பத்து மணி. கலிஃபோர்னியாவில் மெர்செட் கவுண்டி, இரண்டு பக்கமும் முள்கம்பி வேலி ஓடும் குறுகலான தார்ச்சாலை. அதன் ஓரத்தில் என் கார் வலது பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. வலப்பக்கச் சக்கரம் இரண்டும் சேற்றில். ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றி இன்னும் கீழே போகிறது. பக்கத்து சீட்டில் குரங்குக் குல்லாவும் ஸ்வெட்டருமாக உட்கார்ந்திருந்த அப்பா கண்ணாடியை இறக்கி மண்ணை எட்டிப் பார்த்தார்.

"கரிசல்ல மழைக்கு மறுநாளு எவளாவது வண்டிய இறக்குவாளா தாயி?"

அப்பாவுக்குக் கோவில்பட்டிப் பக்கம். எழுபத்திரண்டு வயது. கரிசல் மண்ணைப் பற்றி அவரிடம் வாதம் செய்து பயனில்லை. நான் சான் ஹோசேயில் பதினோரு வருடமாக இருக்கிறேன், ஏழு வருடமாகப் பறவை பார்க்கிறேன். இந்தச் சாலையில் மட்டும் நான்கு குளிர்காலம் வந்து போயிருக்கிறேன். இருந்தாலும் இறக்கிவிட்டேன். காரணம், வேலிக்கு அந்தப் பக்கம் நீள அலகோடு நின்றுகொண்டிருந்த ஒரு பறவை. அதைப் பிறகு சொல்கிறேன்.

அப்பா வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மாலைப் பொழுது போகவில்லை, டிவி பிடிக்கவில்லை. முட்டி வலி, அதிகம் நடக்கவும் முடியாது. நடக்காமல் நாள் முழுக்கப் பறவை பார்க்கிற இடம் என்று யோசித்தால் எனக்கு முதலில் தோன்றுவது மெர்செட் தேசிய வனவிலங்குப் புகலிடம்தான். பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் சதுப்பும் புல்வெளியும். நடுவில் ஐந்து மைல் மண்சாலை, காரிலேயே சுற்றி வரலாம். வயதானவர்களையோ கைக்குழந்தையையோ வைத்திருப்பவர்களுக்கு இதைவிட நல்ல இடம் சுற்றுவட்டாரத்தில் எனக்குத் தெரியவில்லை.

இரவெல்லாம் அங்கே தண்ணீரில் நின்று தூங்கும் சாண்ட்ஹில் கிரேன் என்ற பெரிய கொக்குகள் விடியும்போது எழும்புவதைப் பார்க்க, விடிவதற்கு முன்பே கிளம்பினோம். கில்ராய் வழியாக 152-ஆம் நெடுஞ்சாலை, பச்சேக்கோ கணவாய், அப்புறம் சான் லூயிஸ் நீர்த்தேக்கம். கணவாய் உச்சியில் நட்சத்திரம் தெரிந்தது. கீழே இறங்கியதும் ஒன்றும் தெரியவில்லை. காரின் முன்பக்கமே மங்கலாகிற அளவுக்கு மூடுபனி.

இந்தப் பனிக்கு இங்கே 'டூலி ஃபாக்' என்று பெயர். டூலி என்பது இந்தச் சதுப்பில் ஆள் உயரத்துக்கு வளரும் ஒரு வகைக் கோரை. ஆக, கோரைப்பனி. மழை பெய்து மண் ஊறியிருக்க வேண்டும். மறுநாள் இரவு வானம் வெளுத்துக் காற்றே இல்லாமல் குளிர வேண்டும். சுற்றிலும் மலை என்பதால் குளிர்ந்த காற்று வெளியேற வழியில்லாமல் பள்ளத்தாக்கின் தரையிலேயே படுத்துவிடும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை எப்போது வேண்டுமானாலும் வரலாம். பல வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்று மோதும் விபத்துகள் இதனால் நடந்திருக்கின்றன. வியாழக்கிழமை மழை, வெள்ளி இரவு தெளிந்த வானம். நானே கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டும். வானிலைச் செயலியில் 'மழை இல்லை' என்பதை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

லோஸ் பானோஸில் ஒரு பெட்ரோல் பங்கில் வண்டியை நிறுத்தினோம். இதுவே சரியான முடிவு என்று இன்றும் நினைக்கிறேன். விடியற்காலைக் கொக்குகளைத் தவற விட்டோம்தான். ஆனால் அந்தப் பனியில் ஓட்டிப் போயிருந்தாலும் சத்தத்தைத்தான் கேட்டிருப்போம். டேங்க்கை நிரப்பி, கழிப்பறைக்குப் போய், பிளாஸ்கில் இருந்த காபியைக் குடித்துவிட்டு ஒன்பது மணி வரை உட்கார்ந்திருந்தோம். இதற்கு மேல் கடை கண்ணி கிடையாது. புளியோதரை, தயிர்சாதம், தண்ணீர் எல்லாம் காரிலேயே இருந்தது.

152-இல் கிழக்கே போய், 59-இல் வடக்கே திரும்பி, சாண்டி மஷ் சாலையில் மேற்கே போனால் புகலிடம். அந்தக் கடைசி எட்டு மைலைத்தான் எல்லோரும் அறுபதில் பறந்து கடப்பார்கள். என் முதல் இரண்டு வருடம் நானும் அப்படித்தான். மாடு மேய்கிற புல், வேலி, மின்கம்பம். பார்க்க என்ன இருக்கிறது?

ஒரு தடவை டயர் காற்று குறைந்ததால் இருபதில் ஊர்ந்து போனேன். அன்றைக்குத்தான் அந்த எட்டு மைல் என்னவென்று தெரிந்தது. அதிலிருந்து போகும்போது ஒரு மணி நேரமாவது இதற்கே ஒதுக்குகிறேன்.

பனி கலைய ஆரம்பித்திருந்தது. வேலிக் கம்பங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஆறேழு கம்பத்துக்கு ஒன்றில் ஏதாவது உட்கார்ந்திருந்தது. மஞ்சள் நெஞ்சில் கறுப்பு 'வி' போட்ட மெடோலார்க், ஈர இறக்கையை விரித்துக் காயவைத்தபடி. மின்கம்பத்தில் செவ்வால் பருந்து. புல்லுக்கு மேலே ஓரடி உயரத்தில், எதையோ தொலைத்துவிட்டுத் தேடுவதுபோல் அங்கும் இங்கும் சாய்ந்து பறந்தது பூனைப்பருந்து. நம் ஊர் வயல்வெளிக்குக் குளிர்காலத்தில் வரும் பூனைப்பருந்துகளுக்கு இது பங்காளி. இடுப்பில் வெள்ளைப் பட்டை தெரிந்தால் அதுதான், வேறு அடையாளம் தேட வேண்டாம்.

அப்பா கண்டுபிடித்தது வேறு. "அந்தக் கம்பியில என்னமோ தொங்குது பாரு" என்றார். பைனாகுலரில் பார்த்தேன். முள்கம்பியின் ஒரு முள்ளில் சின்ன எலி ஒன்று கழுத்தில் குத்தப்பட்டுத் தொங்கியது, வாலில் பனித்துளி. நான்கு கம்பம் தள்ளிச் சாம்பல் நிறத்தில், கண்ணுக்குக் கறுப்பு முகமூடி போட்டதுபோல் கீச்சான் உட்கார்ந்திருந்தது. எலியைப் பிடித்துக் கிழிக்கக் கழுகு மாதிரிக் கால்பலம் அதற்குக் கிடையாது. முள்ளில் மாட்டி இழுத்துத்தான் தின்னும், மிச்சத்தை அங்கேயே வைத்துவிட்டும் போகும். "நம்மூர்ல கருவ முள்ளுல ஓணானக் குத்தி வைக்கும். இவன் கம்பிக்கு மாறிட்டான்" என்றார் அப்பா. நான்கு குளிர்காலத்தில் நான் இந்த வேலியில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. பறவையையே தேடிக்கொண்டிருந்ததால் கம்பியைப் பார்க்கத் தோன்றவில்லை.

அதற்கப்புறம்தான் அந்த நீள அலகு. லாங் பில்டு கர்லூ, அதாவது அமெரிக்கக் கோட்டான். ஆந்தையைச் சொல்லும் கோட்டான் இல்லை, இது உள்ளான் வகை. கோழி அளவு உடம்பில் அரையடிக்கு மேல் நீண்டு கீழ்நோக்கி வளைந்த அலகு. ஒன்றில்லை, முப்பது இருக்கும். கறுப்பு மாடுகளின் காலுக்கு நடுவே நடந்து நடந்து, அலகை முழுசாக மண்ணுக்குள் இறக்கிப் புழுவை உருவிக்கொண்டிருந்தன. கடற்கரைப் பறவை என்று பலர் நினைப்பது மாட்டு மேய்ச்சலில் நிற்கிறது. படம் எடுக்கலாம் என்று ஓரங்கட்டினேன். மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

அரை மணி நேரம் கழித்து ஒரு பிக்கப் லாரி வந்தது. பின்னால் வைக்கோல் கட்டுகளும் ஒரு நாயும். ஓட்டியவர் அப்பா வயதுக்காரர், அந்த மேய்ச்சல் நிலத்துக்காரர். என்ன ஏது என்று கேட்கவில்லை. சங்கிலியை எடுத்து மாட்டினார், ரிவர்ஸில் இழுத்தார், கார் 'ப்ளக்' என்று வெளியே வந்தது. வாரத்துக்கு ஒரு கொக்குக்காரனை இப்படி இழுக்கிறேன் என்றார். காசு நீட்டியதற்குக் கையை மட்டும் ஆட்டினார்.

அப்பா சும்மா இருப்பாரா? ஒரு மாட்டுக்கு எத்தனை ஏக்கர் வேண்டும் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்து, மழையைப் பொறுத்தது என்றார். மொழிபெயர்ப்பதற்கு முன்பே அப்பா சிரித்துவிட்டார். "எல்லா ஊர்லயும் சம்சாரி இதத்தான் சொல்லுவான்." எங்கள் பக்கம் விவசாயியைச் சம்சாரி என்போம்.

நிலத்தில் அங்கங்கே தட்டையாகத் தேங்கியிருந்த தண்ணீரைக் காட்டி நிலத்துக்காரர் இன்னொன்றும் சொன்னார். இவை மழைக்குளங்கள். அடியில் தண்ணீரை உள்ளே விடாத கெட்டி மண்ணடுக்கு. குளிர்கால மழையில் நிரம்பும், வசந்தத்தில் பூப்பூக்கும், கோடையில் வறண்டு வெடித்துவிடும். அதற்குள் வாழும் சின்ன இறால் வகைகளின் முட்டை வறண்ட மண்ணில் வருடக்கணக்கில் காத்துக் கிடக்கும். மாட்டை விரட்டிவிட்டால் குளம் பிழைத்துக்கொள்ளும் என்று தோன்றும். நடப்பது வேறு. வெளியிலிருந்து வந்த புல் வகைகள் அடர்ந்து வளர்ந்து தண்ணீரை உறிஞ்ச, குளம் சீக்கிரம் வற்றிவிடுகிறது. அளவோடு மேய்ந்தால்தான் புல் குட்டையாக இருக்கும். கோட்டானுக்கும் கொக்குக்கும் குட்டைப் புல்தான் வேண்டும், நாலாபக்கமும் நரி வருகிறதா என்று தெரிய வேண்டுமே. மாடு என்றாலே இயற்கைக்கு எதிரி என்று பேசும் நண்பர்கள் எனக்கு உண்டு. அளவு மீறினால் அவர்கள் சொல்வதும் சரிதான். இந்தச் சாலையில் மட்டும் அது எடுபடாது.

பறவையைப் பார்த்தால் இப்போதெல்லாம் வண்டியை ஓரங்கட்டுவதில்லை. முன்னும் பின்னும் வண்டி வராதபோது தார் மேலேயே வேகத்தைக் குறைத்துப் பார்க்கிறேன். நிறுத்தியே ஆகவேண்டும் என்றால் ஜல்லி போட்ட இடமாகத் தேடிப் போகிறேன். பண்ணை வாசல் கேட்டை மறித்து நிறுத்தக் கூடாது, வைக்கோல் லாரி எப்போது வரும் என்று தெரியாது. வேலியைத் தாண்டவே கூடாது. சாலைதான் பொது, வேலிக்கு அந்தப் பக்கம் ஒருவருடைய வீடு மாதிரி.

புகலிடத்துக்குள் நுழையும்போது பன்னிரண்டு ஆகிவிட்டது. சுற்றுப்பாதையில் முதல் விதி, காரை விட்டு இறங்காதே. பார்வை மேடைகள் இருக்கும் இடத்தில் மட்டும் இறங்கலாம். இது வெறும் சட்டம் என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு எங்களுக்கு முன்னால் போன காரிலிருந்து ஒருவர் கேமராவோடு இறங்கினார். கரையோரம் பத்தடி தூரத்தில் மேய்ந்த வாத்துக் கூட்டம் அந்த நொடியே எழும்பிப் போனது. அவர் ஏறிப் போய்விட்டார். நாங்கள் எஞ்சினை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தோம். பதினைந்து நிமிடத்தில் எல்லாம் திரும்பி வந்துவிட்டன. காரை அவை ஒரு பெரிய மாடு என்று நினைக்கின்றனவோ என்னவோ, கதவு திறந்து இரண்டு கால் இறங்கினால்தான் பயம்.

கண்ணாடியைப் பாதி இறக்கி, அதன்மேல் ஒரு கிலோ துவரம்பருப்புப் பையை வைத்து, அதன்மேல் கேமராவை வைத்துக்கொள்வேன். கடையில் விற்கும் விலையுயர்ந்த பைகளைவிட ஆடாமல் நிற்கும். ஊருக்குப் போனதும் சாம்பாருக்கும் ஆகும். பைனாகுலர் எட்டு மடங்கு, முன்பக்கக் கண்ணாடி நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் போதும். பத்து மடங்கு வாங்கினால் கை நடுங்குவதும் பத்து மடங்கு தெரியும், வயதானவர்களுக்குச் சரிப்படாது.

அப்பா ஊசிவால் வாத்தையும் தட்டைவாயனையும் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இது கூந்தன்குளத்துக்கு வர்றதுல்லா?" அதேதான். இரண்டும் பூமியின் வடக்கு முழுக்கக் குஞ்சு பொரிக்கிற இனம். ஆசியாவின் வடக்கிலிருந்து நம் திருநெல்வேலிக்கு, அமெரிக்காவின் வடக்கிலிருந்து இங்கே. நாமக்கோழி மாதிரியே ஒன்று, பவளக்கால் உள்ளான் மாதிரியே ஒன்று, அரிவாள் மூக்கன் மாதிரியே ஒன்று. இவை வேறு இனம், ஆனால் பெயர் சொல்ல அப்பாவுக்குச் சிரமமே இல்லை.

வெள்ளை வாத்துகள்தான் குழப்பம். தூரத்தில் வயலில் பனி கொட்டியதுபோல் ஆயிரக்கணக்கில். அதில் இரண்டு இனம் கலந்திருக்கும். பெரியது ஸ்னோ கூஸ். அலகின் பக்கவாட்டில் கறுப்புக் கோடு இருக்கும், பல்லைக் காட்டி இளிப்பதுபோல் தெரியும். சின்னது ராஸ் கூஸ். குட்டை அலகு, இளிப்பு கிடையாது, முகம் குழந்தை முகம். அளவைப் பார்த்துச் சொல்ல முயலாதீர்கள், அலகைப் பாருங்கள். பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டைப் பிடித்துவிட்டால் அப்புறம் மறக்காது.

நடுநடுவே தூரத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. அப்பா முகம் சுருங்கியது. புகலிடத்தில் எதற்கு வேட்டை? எனக்கும் முதல் வருடம் இது ஜீரணமாகவில்லை. ஆனால் கணக்கு இப்படி இருக்கிறது. இந்தப் பள்ளத்தாக்கின் பழைய சதுப்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விவசாய நிலமாகவும் ஊராகவும் போய்விட்டது. மிஞ்சியதில் பெரும்பகுதி வாத்து வேட்டைச் சங்கங்கள் கையில் இருக்கும் தனியார் நிலம். வேட்டைக்காரர்கள் வருடாவருடம் வாங்கவேண்டிய வாத்து முத்திரை 1934-இல் வந்தது. இன்றைக்கு 25 டாலர், அதில் ஏறக்குறைய முழுவதும் சதுப்புநிலம் வாங்கவும் காக்கவும் போகிறது. நான் வேட்டையாடுவதில்லை, முத்திரை மட்டும் வருடம் தவறாமல் வாங்குகிறேன். அப்பாவுக்கு இந்த விளக்கம் பிடிக்கவில்லை. பிடிக்கவேண்டும் என்று கட்டாயமுமில்லை. சத்தம் ஒத்துக்கொள்ளாது என்றால் வேட்டை நாள் எது என்று பார்த்துவிட்டு வேறு நாளில் போங்கள்.

"இவ்வளவு தண்ணி எங்கிருந்து வருது?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. சம்சாரி கேள்வி. பாதிக்கு மேல் திறந்துவிடுகிற தண்ணீர்தான். மதகு வைத்து, தேதி பார்த்து, இவ்வளவு ஆழம் என்று கணக்குப் போட்டு நிரப்புகிறார்கள். 1992-இல் வந்த மத்தியச் சட்டம் ஒன்று பாசனத் திட்டத் தண்ணீரில் பறவைகளுக்கும் பங்கு வைத்தது. அதற்கு முன்பு இந்தப் பக்கத்துப் புகலிடங்களுக்குக் கிடைத்ததில் நிறைய வயலிலிருந்து வடியும் கழிவு நீர்தான். அந்தக் கழிவு நீர் தேங்கிய பக்கத்து கெஸ்டர்சன் குளங்களில், மண்ணிலிருந்து கரைந்து வந்த செலினியம் என்ற தாது ஏறி, 1983-இல் கண்ணில்லாமலும் அலகு கோணியும் குஞ்சுகள் பொரித்தன. அப்பா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. பட்டாசுத் தொழிற்சாலையும் சாயப்பட்டறையும் பார்த்த மனிதர்.

நான்கரை மணிக்கு ஒரு பார்வை மேடையில் இடம் பிடித்தோம். ஐந்து மணிக்குச் சூரியன் அடங்கும். காலையில் தவறவிட்டதை வாங்கும் நேரம் இது.

சாண்ட்ஹில் கிரேனைத் தமிழில் கொக்கு என்றுதான் சொல்கிறோம். அதனால் எல்லோருக்கும் வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு ஞாபகம் வருகிறது. இது வேறு சாதி. வெள்ளைக் கொக்கு பறக்கும்போது கழுத்தை மடக்கிக்கொள்ளும், இது ஈட்டி மாதிரி நேரே நீட்டிக்கொண்டு பறக்கும். சாம்பல் உடம்பு, நெற்றியில் சிவப்பு. பெரும்பாலும் அலாஸ்காவிலிருந்து இங்கே வந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன. பகலெல்லாம் மேய்ச்சலிலும் சோள வயலிலும் பொறுக்கிவிட்டு, இருட்டும்போது கணுக்கால் அளவு தண்ணீரில் வந்து நின்றுகொண்டே தூங்கும். கயோட்டி நரி வந்தால் தண்ணீர் சலசலக்குமே.

முதலில் சத்தம்தான் வந்தது. மூச்சுக்குழாய் நெஞ்செலும்புக்குள் சுருண்டு கிடப்பதால் இதன் குரல் மைல்கணக்கில் கேட்கும். மரக்கதவு கீல் உருளுவது மாதிரி, கொஞ்சம் உறுமி மேளம் மாதிரி ஒரு கர்ர்ர். அப்புறம் மேற்கே ஆரஞ்சு வானத்தில் நூல் நூலாகக் கோடுகள். ஐந்து, இருபது, நூறு. எண்ணுவதை நிறுத்திவிட்டேன். தலைக்கு மேலே வந்ததும் சிறகை அசைக்காமல், காலைத் தொங்கவிட்டு, பாராசூட் மாதிரி இறங்கின.

அதில் ஒரு மூன்று மட்டும் எங்களுக்கு நாற்பதடியில் இறங்கியது. இரண்டு சிவப்பு நெற்றி, ஒன்றுக்கு நெற்றி முழுக்கப் பழுப்பு. போன வேனிலில் பொரித்த குஞ்சு. உயரத்தில் தாய்தகப்பன் அளவு வந்துவிட்டது, குரல் மட்டும் இன்னும் உடையவில்லை. பெரியவை கர்ர்ர் என்று உறும, இது நடுவில் 'ப்ரீப்' என்று கோழிக்குஞ்சு மாதிரி விசில் அடித்தது. இத்தனை ஆயிரம் உறுமலில் அந்த விசில் தனியாகக் கேட்டது. தாய் ஒரு அடி எடுத்து வைத்தால் அதுவும் ஒரு அடி.

அப்பா பைனாகுலரை இறக்கவே இல்லை. மூக்கு ஒழுகியது, துடைக்கவும் இல்லை. சூரியன் போனதும் குளிர் சட்டென்று இறங்கும், இதை எச்சரிக்கையாகவே சொல்கிறேன். பகலில் ஒரு ஸ்வெட்டர் போதும் என்று தோன்றும். மாலைக்குத் தொப்பி, கையுறை, கம்பளிச் சாக்ஸ் தனியாக வைத்திருக்க வேண்டும். நான் எனக்குக் கையுறை எடுக்க மறந்திருந்தேன். பருப்புப் பையில் கை விட்டுக்கொண்டு நின்றேன்.

திரும்பும்போது சாண்டி மஷ் சாலையை இருபதிலேயே கடந்தோம். காலையில் மாட்டிய இடத்தில் சக்கரத்தடம் இரண்டு கோடாகத் தண்ணீர் நிரம்பிக் கிடந்தது. அப்பாவுக்குப் பெயர் சொல்லிச் சொல்லி நாள் முழுக்கக் குறித்ததில் நாற்பத்தேழு இனம்.

திங்கட்கிழமை காலையில் அப்பா குழாயும் குச்சியுமாகக் கார் சக்கரத்தின் உட்பக்கம் குத்திக்கொண்டிருந்தார். ஒரு கட்டி மண்ணை உடைத்துக் கொண்டுவந்து காட்டினார். காய்ந்த ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது.

"உப்பு மண்ணு. நம்ம கரிசலு இல்ல. பருத்தி வராது" என்றார். அப்புறம், "வார சனிக்கிழமை மழை உண்டா?" என்று கேட்டார்.